மீன் தொட்டியின் அடியில் எதைப் போடுவது? சரளையா, மணலா, சத்துமண்ணா, வெறுங்கண்ணாடியா

தொட்டி வாங்கும்போது ஃபில்டருக்கும் விளக்குக்கும் யோசிப்பதில் பாதிகூட அடியில் போடும் பொருளுக்கு யாரும் யோசிப்பதில்லை. கண்ணில் பட்ட நிறத்தில் இரண்டு பை, அவ்வளவுதான். ஆனால் ஃபில்டர் ஒத்துவரவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். விளக்கு அதைவிடச் சுலபம். அடியில் போட்டதை மாற்றுவதென்றால் மீனை வெளியே எடுத்து, செடியைப் பிடுங்கி, தொட்டியையே காலிசெய்ய வேண்டிவரும். அதனால் இதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

நிறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மீனின் கழிவும் மிச்சத் தீனியும் கீழே விழுந்தபின் எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். சரளையில் அது கல்லிடுக்கில் இறங்கி மறைந்துவிடும். மணலில் மேலேயே கிடக்கும். சத்துமண்ணில் செடியின் வேருக்குப் போகும், தின்னும் அளவுக்கு வேர் இருந்தால். வெறுங்கண்ணாடியில் நீரோட்டம் தள்ளிய மூலையில் திரண்டு நிற்கும். எங்கே போனாலும் எடுக்க வேண்டியது நீங்கள்தான். எப்படி எடுப்பீர்கள் என்பதில்தான் இந்த நான்கும் வேறுபடுகின்றன.

சரளை

பெரும்பாலான தொட்டிகளில் இருப்பது இதுதான். 2 முதல் 4 மி.மீ. வரையுள்ள, முனை மழுங்கிய கல் நல்லது. 6 மி.மீ.க்கு மேல் போனால் தீனி மீனின் வாய்க்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி அங்கேயே அழுகும். செடியின் வேரும் பிடிக்காமல் மிதந்து வரும். சரளையின் பெரிய பலம், இடைவெளி வழியாகத் தண்ணீர் போய்வருவது. மணலைப் போல இறுகிப்போகாது. தரைக்கடி ஃபில்டர் (சரளைக்கு அடியில் துளைத்தட்டு வைத்து அதன் வழியாகத் தண்ணீரை இழுப்பது) வைப்பதாக இருந்தால் வேறு வழியே இல்லை: 3 முதல் 5 மி.மீ. சரளை, 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்கு. மணல் அந்தத் தட்டின் துளைகளில் இறங்கி அடைத்துவிடும்.

பலவீனமும் அதே இடைவெளியில்தான் இருக்கிறது. மேலே பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருக்கும், உள்ளே ஆறு மாதக் குப்பை கிடக்கும். தண்ணீரை ஒழுங்காக மாற்றியும், கழிவு சிதைந்து கடைசியில் சேரும் நைட்ரேட் குறையவே மாட்டேனென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சரளையைத்தான். ஃபில்டரிலிருந்து தூரமாக உள்ள மூலையில் ஒரு விரலைச் செருகி லேசாகச் சுழற்றிப் பாருங்கள். பழுப்புப் புகை எழுந்தால் அந்த இடத்துக்கு இதுவரை சைஃபன் (அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியேற்றும் குழாய்) போகவில்லை என்று அர்த்தம்.

சரளையைச் சுத்தம்செய்ய, முனையில் அகலக் குழாய் உள்ள சைஃபன் வேண்டும். குழாயை அடிக்கண்ணாடி தட்டும்வரை இறக்குங்கள். கல் குழாய்க்குள் குதித்துப் புரளும், அழுக்கு பிரிந்து மேலே ஏறும். கல் பாதிக் குழாய்வரை ஏறியதும் மறுகையால் ஓஸைக் கிள்ளிப் பிடித்தால் கல் விழுந்துவிடும், அழுக்கு மட்டும் மிதந்து நிற்கும். விட்டால் அது வெளியே போகும். தண்ணீர் தெளிந்ததும் குழாயை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை, தரையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும். தொட்டித் தண்ணீரில் 25 முதல் 30 சதவீதம் வெளியேறுவதற்குள் அந்தப் பங்கு முடிந்துவிடும், நீர்மாற்றமும் அதோடு தீர்ந்தது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே நாளில் முழுத் தரையையும் கிளறினால் புதைந்திருந்தது எல்லாம் தண்ணீரில் கலந்து, அம்மோனியா ஏறி, மறுநாள் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோல்டு ஃபிஷ் நாள் முழுக்கத் தரையை வாயில் அள்ளி அள்ளித் துப்பும். வாயின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற சரளை அதில் சிக்கிக்கொள்ளும். அந்த மீனுக்கு மணல் போடுங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் போகவே முடியாத பெரிய கூழாங்கல். சாயம் பூசிய நீலம், இளஞ்சிவப்புச் சரளை வாங்குவதானால் ஒரு பிடியை வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் கையில் வந்தால் தொட்டிக்குள்ளும் வரும்.

மணல்

மணலைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. அழுக்கு தெரியும் என்பார்கள். அது குறை அல்ல, வசதி. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதை மட்டும் எடுக்கலாம்.

பருமன் 0.5 முதல் 1 மி.மீ. வரை இருக்கட்டும். அதைவிட மாவாக இருந்தால் இறுகும், சின்ன அசைவுக்கும் பறக்கும். நீச்சல் குளத்து ஃபில்டரில் போடுகிற மணல் சலித்துத் தரம்பிரித்து வருவதால் இந்த அளவுக்குள் அமையும், தூசியும் குறைவு. கட்டட மணலில் களிமண் கலந்திருக்கும். சலித்துப் பலமுறை கழுவும் பொறுமை இருந்தால் அதுவும் ஆகும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருப்பதால் நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம். உலோகத்தைத் தேய்க்க விற்கும் மணல் சில வகைகளில் கண்ணாடிச் சில்லு போன்ற கூர் இருக்கும். விரலிடையில் வைத்து அழுத்தினால் குத்துகிறதென்றால் தரைமீன்களுக்கு ஆகாது.

கோரிடோரஸ் என்ற தரைமீன் ஒன்று மணலில் மேய்வதை அருகில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கூர் ஏன் முக்கியம் என்று புரியும். மீசையால் தடவிக்கொண்டே போகும், கண்ணுக்குக் கீழ்வரை மூக்கைப் புதைக்கும், ஒரு வாய் மணலை எடுக்கும். அடுத்த நொடியில் செவுள் மூடி இரண்டு பக்கமும் திறந்து மணல் பொழிந்துவிடும், தீனித் துணுக்கு மட்டும் உள்ளே தங்கும். சரளையில் இது நடக்காது, கல்லை முட்டிக்கொண்டு திரும்பிவிடும். மீசை தேய்ந்து குட்டையாவதற்குக் கல்லின் கூர் ஒரு காரணம், அதைவிட அழுக்குத் தரையில் பெருகும் பாக்டீரியா பெரிய காரணம். ஆகவே மணல் போட்டுவிட்டுச் சுத்தம்செய்யாமல் விட்டாலும் மீசை போகும். கூலி லோச், ஜியோஃபேகஸ் போன்ற மீன்களும் மணலை நம்பி வாழ்கிறவைதான்.

கழுவுவது பெரிய வேலை. ஒரு வாளிக்கு 3 முதல் 4 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். ஓஸை வாளியின் அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்து கையால் கிளறினால் தூசி மேலே வழிந்து போகும். கிளறி நிறுத்தி ஐந்து எண்ணும்போது மேல் தண்ணீர் தெளிந்து உங்கள் கை தெரிந்தால் போதும். அதுவரை பத்துப் பதினைந்து முறை ஆகலாம். சோப்பு எந்த நிலையிலும் கூடாது. தொட்டியில் பரப்பியபின் அதன்மேல் ஒரு தட்டையோ பாலிதீன் தாளையோ வைத்து, தண்ணீர் அதில் விழும்படி நிரப்புங்கள். நேராக ஊற்றினால் கழுவியது வீண்.

செடி இல்லாவிட்டால் 2 முதல் 3 செ.மீ. உயரம் தாராளம். அதற்கு மேல் போட்டால் அடியில் ஆக்ஸிஜன் எட்டாது. சில மாதங்களில் கண்ணாடியோரம் கறுப்புத் திட்டு தெரியும். அது இரும்பு சல்ஃபைடு. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மணலிலுள்ள இரும்போடு சேர்ந்து வரும் நிறம். எப்போதாவது ஒரு குமிழி மேலே வருவதால் மீன் சாகாது, ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரில் அந்த வாயு விரைவில் சிதைந்துவிடும். ஆபத்து, கெட்டிப்பட்டுக் கிடந்த மணலை ஒரே நேரத்தில் புரட்டும்போதுதான். அழுகிய முட்டை வாடை அடித்தால் அத்தோடு நிறுத்தி, பெரிய நீர்மாற்றம் செய்து, ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். இது வராமலிருக்க வாரம் ஒருமுறை ஒரு மெல்லிய குச்சியால் மணலைக் கீறிவிட்டால் போதும். மலேசிய ட்ரம்பெட் நத்தைகள் பத்து விட்டால் அவையே இரவெல்லாம் மண்ணை உழும். தீனி மிஞ்சும் தொட்டியில் அந்தப் பத்து சில மாதத்தில் நூறாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மணலில் சைஃபனைச் செருகவே கூடாது, மணலே வாளிக்குப் போய்விடும். குழாயை 1 முதல் 2 செ.மீ. மேலே பிடித்து மெதுவாக வட்டமிட்டால் லேசான கழிவு எழும்பி உள்ளே போகும், கனமான மணல் அங்கேயே நிற்கும். மணலைக் கிளறும்போது ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். உறிஞ்சும் முனை தரையிலிருந்து 5 செ.மீ.யாவது மேலே இருக்கட்டும், அதற்கு ஒரு ஸ்பான்ஜ் உறை போடுங்கள். மோட்டாரின் விசிறி கரகரவென்று சத்தம்போட ஆரம்பித்தால் பெரும்பாலும் உள்ளே போன மணல்துகள்தான் காரணம்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரம் மணல்மேல் பழுப்புப் படலம் பரவும். டயாட்டம் பாசி. மணல் கெட்டுவிட்டதென்று அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. தேவையில்லை, தொட்டி நிலைப்படும்போது அது தானாக அடங்கும். சைஃபனில் எடுத்துக்கொண்டே இருங்கள்.

சுண்ணாம்புக் கல்லைக் கண்டுபிடிப்பது

சரளையோ மணலோ, எங்கிருந்து வந்தாலும் தொட்டிக்குள் போகுமுன் ஒரு சோதனை தேவை. காய்ந்த கல்லின்மேல் சில சொட்டு வினிகர் விட்டுக் காதருகே கொண்டுபோங்கள். சிறு குமிழியோ ‘சிஸ்’ என்ற சத்தமோ வந்தால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது, தண்ணீரின் கடினத்தையும் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவையும் ஏற்றும். வினிகர் மெல்லிய அமிலம் என்பதால் சில கற்கள் அதற்கு வாயே திறக்காது. நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு பாட்டில்களில் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு பிடி கல் போட்டு, ஒரு வாரம் கழித்து இரண்டிலும் கடினத்தை அளந்து பாருங்கள். கல் கிடந்த பாட்டிலில் கூடியிருந்தால் அந்தக் கல் கரைகிறது.

கரைவது எல்லோருக்கும் கெடுதல் அல்ல. ஆப்பிரிக்க ஏரிச் சிச்லிட்களுக்கு அதுதான் வேண்டும். பவளத் தூளும் அரகனைட் மணலும் அதற்காகவே விற்கப்படுகின்றன. மோலி, கப்பி வைப்பவர்கள் தண்ணீரில் கடினம் மிகக் குறைவாக இருந்தால் ஃபில்டருக்குள் ஒரு சிறு பையில் பவளத் தூள் போட்டாலே போதும், முழுத் தரையும் அதில் வேண்டாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு, பி.எச். குறையவில்லையே என்று மருந்து ஊற்றுவது முடியாத போராட்டம்.

சத்துமண்

ஆக்வா சாயில் என்ற பெயரில் வரும் இது, சத்துள்ள மண்ணைச் சிறு உருண்டைகளாக்கிச் சுட்டது. செடிக்காகவே தொட்டி வைப்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை. வேருக்கு உணவு தருவதோடு, தண்ணீரின் கார்பனேட் கடினத்தை உறிஞ்சிக்கொண்டு பி.எச். அளவை 6 முதல் 6.8 வரை இழுத்துப் பிடிக்கும். கடினம் குறைந்த தண்ணீர் கேட்கிற கரிடினா இறால்களுக்கு இதனால்தான் இதைப் போடுகிறார்கள்.

சிக்கல் முதல் மாதத்தில். பல சத்துமண்கள் முதல் 2 முதல் 4 வாரம் அம்மோனியாவைக் கசியவிடும். அந்தக் காலத்தில் செடி மட்டும் இருக்கட்டும். முதல் வாரம் தினமும், இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு முறை என்று பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியென்று டெஸ்ட் கிட் தொடர்ந்து காட்டும்வரை மீன் விடக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால், அவசரப்பட்டு விட்ட மீன்கூட நன்றாக நீந்தும். கடினநீரை ஊற்றி பி.எச். ஏறியதும் அதே அம்மோனியா விஷமாகிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த மீன் இன்று செத்ததற்குக் காரணம் தெரியாமல் திகைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இதைக் கழுவக் கூடாது, உருண்டை உடைந்து சேறாகும். சைஃபனைச் செருகக் கூடாது, மேலே மேலே மட்டும். வேர்விட்ட செடியைப் பிடுங்குவதற்குப் பதில், முடிந்தவரை தண்டை மட்டும் வெட்டுங்கள். அப்படியும் உருண்டைகள் காலப்போக்கில் நொறுங்கும். சத்து ஒன்றிரண்டு வருடத்தில் தீரும், பி.எச். பிடிக்கும் திறன் அதற்கு முன்பே. வீட்டுக் குழாயில் வருவது கடினநீர் என்றால், ஒவ்வொரு நீர்மாற்றமும் அந்தத் திறனைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பி.எச். காரணத்துக்காகச் சத்துமண் வாங்குவது வீண்செலவு.

கிரிப்டோகோரைன் நாலு, அமேசான் ஸ்வார்ட் ஒன்று என்ற அளவில் செடி வைப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. 5 முதல் 6 செ.மீ. மணல் போட்டு, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் உர மாத்திரைகளை வேருக்கு அருகே ஆழமாகப் புதைத்து, 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். வேர்கள் ஆக்ஸிஜனைக் கீழே கொண்டுபோவதால், செடி அடர்ந்த மணலில் கறுப்புத் திட்டும் குறையும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும்தான் என்றால் தரை எதுவானாலும் ஒன்றுதான். அவற்றைக் கட்டையிலோ கல்லிலோ கட்டுங்கள், தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.

தோட்டத்து மண்ணைச் சலித்து 2 செ.மீ. பரப்பி, அதன்மேல் 3 செ.மீ. மணல் மூடும் முறையும் இருக்கிறது. செலவு மிகக் குறைவு, செடி காடாக வளரும். பூந்தொட்டிகளுக்காக உரம் கலந்து விற்கும் மண் மட்டும் கூடாது. அடிக்கடி செடியை இடம்மாற்றிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒரு அமேசான் ஸ்வார்டைப் பிடுங்கினால் பாதி மண் மேலே வந்துவிடும்.

வெறுங்கண்ணாடி

டிஸ்கஸ் குஞ்சு வளர்ப்பவர்கள், இனப்பெருக்கம் செய்பவர்கள், நோயுற்ற மீனைத் தனியே வைப்பவர்கள் இதைத்தான் தேர்வார்கள். நாளுக்கு நாலைந்து முறை தீனி போட்டுத் தினமும் கழிவை எடுக்க வேண்டிய தொட்டியில் வேறு எதுவும் குறுக்கே வரக் கூடாது. வீட்டுக் கூடத்துத் தொட்டிக்கு இது எளிதென்று நினைத்து வைப்பவர்கள் இரண்டை மறந்துவிடுகிறார்கள். தரையில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இங்கே கிடையாது, ஆகவே ஃபில்டர் ஊடகம் தாராளமாக இருக்க வேண்டும். கீழே கண்ணாடியில் எதிரொளி விழுந்தால் மீன் மிரளும். வெளிப்பக்கமாக அடியில் கறுப்புத் தாள் ஒட்டினால் அது தீரும்.

எவ்வளவு வாங்குவது

நீளம், அகலம், வேண்டிய உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 க்கு 30 தொட்டியில் 4 செ.மீ. என்றால் 7.2 லிட்டர். காய்ந்த மணலும் சரளையும் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ, ஆக 11.5 கிலோ. சத்துமண் லிட்டர் கணக்கிலேயே வருவதால் நேராக வாங்கலாம். முன்னால் 3, பின்னால் 7 என்று சரிவு கொடுப்பதானால் சராசரி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாறைகளைத் தரை பரப்புமுன் அடிக்கண்ணாடிமேல் ஒரு மெல்லிய ஸ்பான்ஜ் தாள் போட்டு நிறுத்துங்கள். மணல்மேல் வைத்தால், தோண்டுகிற சிச்லிட் ஒருநாள் அடியைப் பறித்துப் பாறையைக் கண்ணாடிமேல் சாய்த்துவிடும்.

முன்பக்கம் மணல், பின்பக்கம் சரளை என்று கலந்து போடுவது பார்க்க அழகு. ஆனால் பொடியானது எப்போதும் பருமனானதன் இடுக்கில் இறங்கும். சரளைமேல் மணலைத் தூவினால் சில வாரத்தில் மேலே சரளை மட்டும்தான் இருக்கும். சத்துமண்ணுக்கு முன்னால் மணல் பாதை வைப்பவர்கள் இடையில் கல்வரிசை வைத்தே பிரிக்கிறார்கள். அப்போதும் கறுப்பு உருண்டைகள் உருண்டு வந்துகொண்டே இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: வெளிர் தரையில் பல மீன்கள் தங்கள் நிறத்தை மங்கலாக்கிக்கொள்ளும், கருந்தரையில் அதே மீன் அடர்ந்து தெரியும்.

ஏற்கெனவே போட்டதை மாற்ற வேண்டுமென்றால்

மீன் இருக்கும்போதே மாற்றுவதானால் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த ஓஸால் பழையதைத் தண்ணீரோடு உறிஞ்சியெடுப்பது கையால் அள்ளுவதைவிடக் கலங்கலைக் குறைக்கும். புது மணலை ஒரு அகலக் குழாய் வழியாகத் தரைக்கருகே கொண்டுபோய் விடுங்கள்.

ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால், தொட்டித் தண்ணீரையே ஒரு டப்பில் எடுத்து மீனை அதில் விடுங்கள். ஃபில்டரையும் அதே டப்பில் ஓட விடுங்கள். நல்ல பாக்டீரியா பெரும்பாலும் இருப்பது அதற்குள்தான், மோட்டார் நின்று சில மணி நேரம் கிடந்தால் அவை சாகத் தொடங்கும். ஸ்பான்ஜை அன்றைக்குக் கழுவாதீர்கள். பழைய சரளையில் ஒரு பிடியை நைலான் துணியில் முடிந்து புதுத் தரைமேல் இரண்டு வாரம் போட்டுவைத்தால் அதிலிருந்தும் பாக்டீரியா வந்து சேரும். முதல் பத்து நாள் தீனியைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவை அளந்து வாருங்கள். துளி ஏறினாலும் அன்றே 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். பத்து நாள் சுழியாகவே நின்றால் தீனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம், இரண்டு வாரம் ஆனதும் முடிச்சையும் எடுத்துவிடலாம்.